அகதிகளுக்கு ஒரு சட்டம் கேட்டு எம்.பி.யிடம் போவது எப்படி? மட்டக்களப்பில் இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வாகரைப் பக்கம் ஒரு வீட்டில் ஒரு பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாமொன்றில் குடும்பம் இருந்த காலத்தில், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையுடையது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப்போய், ஒரு பொலித்தீன் உறைக்குள் கிடக்கிறது. பிள்ளை இப்போது வளர்ந்து வேலை தேடுகிற வயது. "என்ட வயித்துப் பிள்ளைதானே மனே, மறுகா என்னத்துக்கு இவ்வளவு கடதாசி கேக்கிறாங்க?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

பதில் தெரிந்துதான் இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். பிந்தினால் தனி அனுமதி வேண்டும். முகாமில் வருகைப் பதிவுக்குக் கட்டுப்பட்டு, நாட்கூலிக்குப் போன ஒரு குடும்பத்துக்குச் சென்னையில் இருக்கும் துணைத் தூதரகம் எவ்வளவு தூரம் என்பது அந்தச் சட்டத்துக்குத் தெரியாது. அதை அந்த அம்மாவிடம் சொல்லி என்ன பயன்? அந்தச் சட்டத்தை மாற்றக்கூடியவர்கள் யார், அவர்களிடம் எப்படிப் போவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன். அண்மைக் காலமாக இளம் பிள்ளைகள் பலர் "அகதிகள் விடயத்தில் ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது" என்று கேட்டு வருகிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

சொற்களைச் சரியாகப் பிடியுங்கள்

மட்டக்களப்பில் "அகதி" என்ற சொல்லுக்குப் பொருள் தேடி யாரும் அகராதியைத் திறக்க மாட்டார்கள். 1990இல் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் படுத்தவர்கள், 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையிலிருந்தும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள், சுனாமிக்குப் பிறகு கூடாரத்தில் இருந்தவர்கள், எல்லோரும் "அகதியாப் போனோம்" என்றுதான் சொல்வார்கள். வீடுகளில் பேசும்போது நீங்களும் அப்படியே பேசுங்கள். ஒரு வயதான மனுசியிடம் போய் "அம்மா, நீங்கள் அகதி இல்லை, உள்ளக இடம்பெயர்ந்தவர்" என்று திருத்துவது அவருடைய வாழ்க்கையையே திருத்துகிற மாதிரி.

ஆனால் கடதாசியில் எழுதும்போது பிரித்து எழுத வேண்டும். இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து அல்லது ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் நாட்டின் எல்லையைக் கடந்தவர்தான் சட்டத்தில் அகதி. எல்லை கடக்காமல் நாட்டுக்குள்ளேயே ஓடியவர் உள்ளக இடம்பெயர்ந்தவர். பாதுகாப்புக் கேட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் புகலிடக் கோரிக்கையாளர். எந்த நாடும் தன் பிரஜை என்று ஏற்காதவர் நாடற்றவர். முகாமிலிருந்து வந்துவிட்டவர் நாடு திரும்பியவர். ஒவ்வொருவருக்கும் சட்டம் வேறு, அமைச்சு வேறு. ஐந்தையும் ஒரே கடிதத்தில் குழைத்து எழுதினால் "இது எமது அமைச்சின் விடயப்பரப்புக்குள் அடங்காது" என்ற ஒற்றை வரிப் பதில் வரும். எங்களுக்கு வந்திருக்கிறது.

சட்டத்தை ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள்

ஒரு நாள் போதும். ஏனென்றால் இலங்கையில் அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்திலும் அதன் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இலங்கை சேரவில்லை. இங்கே தஞ்சம் கேட்டு வருகிறவர், 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்தின் கண்ணில் விசா உள்ளவர் அல்லது விசா இல்லாதவர், அவ்வளவுதான். உயிருக்குப் பயந்து வந்தவர் என்றொரு வகையே அதில் இல்லை. 2005இல் அரசாங்கத்துக்கும் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஸ்தானிகராலயத்துக்கும் இடையே ஏற்பட்ட ஓர் ஏற்பாட்டின் பேரில்தான் அவர்களைப் பதிவதும் விசாரிப்பதும் நடந்து வந்திருக்கிறது. மூன்றாவது நாடொன்று எடுக்கும்வரை அவர்கள் இங்கே காத்திருக்க வேண்டும். அதுவரை சட்டப்படி வேலை செய்ய முடியாது.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையிலிருந்து காக்கும்போது "ஆள் எவரும்" என்று சொல்கிறது, பிரஜை என்று சொல்லவில்லை. 12இன் முதலாம் பந்தியும் சட்டத்தின் முன் சமத்துவத்தை எல்லா ஆட்களுக்கும் கொடுக்கிறது. 14ஆம் உறுப்புரைக்கு வந்தால்தான் பேச்சு, நடமாட்டம், தொழில் எல்லாம் பிரஜைகளுக்கு மட்டும் என்று சுருங்குகிறது. இந்த மூன்றையும் தமிழ்ப் பிரதியில் அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. சாசனத்தை இலங்கை 1994இல் ஏற்றது. சித்திரவதை காத்திருக்கும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதன் 3ஆம் உறுப்புரை சொல்கிறது. அகதிகள் சாசனத்தில் நாங்கள் இல்லை என்று ஓர் அதிகாரி சொன்னால் நீங்கள் நீட்ட வேண்டிய வரி இதுதான்.

தஞ்சம் கொடுப்பது வேறு, அந்தத் தஞ்சத்துக்குச் சட்டத்தின் காவல் இருப்பது வேறு. மட்டக்களப்பாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்த சனங்களுக்குள்ளிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அகதிச் சட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இந்தத் திகதியைத்தான் சொல்வேன்.

அயல்நாட்டு உறுப்பினர்கள் எதற்கு?

எங்கள் எம்.பி.யோடு அயல்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர்களையும் இந்த வேலையில் சேர்க்க வேண்டும் என்று சொன்னதும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எங்கள் சட்டத்தை எங்கள் பாராளுமன்றம்தானே ஆக்க வேண்டும், டில்லிக்கும் டாக்காவுக்கும் இதில் என்ன வேலை?

2022ஆம் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களைப் பாருங்கள். நவம்பரில் 303 இலங்கையரோடு போன ஒரு படகு தென்சீனக் கடலில் தத்தளித்தது. அவர்களை ஒரு ஜப்பானியக் கப்பல் மீட்டு வியட்நாமில் இறக்கியது. அடுத்த மாதமே, மியன்மாரின் ரோஹிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்த படகொன்றைக் காங்கேசன்துறைக்கு அப்பால் இலங்கைக் கடற்படை மீட்டது. எங்கள் சனம் வியட்நாமில் நின்று "எங்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்" என்று கெஞ்சிய அதே பருவத்தில், வேறொரு சனம் எங்கள் கரையில் அதையே கேட்டது. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கு இன்னொரு ரோஹிங்கியாப் படகு வந்தது. ஊர்ச் சனம் சாப்பாடு கொண்டு ஓடியது. படகில் வந்தவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், பிறகு கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். சாப்பாடு கொடுக்கச் சனத்துக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு என்ன என்பதைச் சொல்லத்தான் சட்டம் வேண்டும்.

ஒரு நாடு மட்டும் நல்ல சட்டம் செய்தால் "எல்லாரும் இங்கேதான் வருவார்கள்" என்ற பயத்தைக் காட்டி அதை நிறுத்திவிடலாம். எந்த அமைச்சரும் முதலில் எடுக்கும் ஆயுதம் இந்தப் பயம்தான். அயல்நாடுகள் சேர்ந்து ஒரே மாதிரி அடிப்படை விதிகளை ஏற்றால் அந்த ஆயுதம் மழுங்கும். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் எட்டு நாடுகளில் ஆப்கானிஸ்தான் மட்டுமே 1951 சாசனத்தில் சேர்ந்திருக்கிறது, அதுவும் 2005இல். ஆனால் உலகத்திலேயே ஆகப் பெருந்தொகை அகதிகளுக்கு இடம் கொடுத்த நாடுகளில் பாகிஸ்தானும் பங்களாதேசமும் உண்டு. தமிழ்நாட்டில் நூறுக்கு மேற்பட்ட முகாம்களில் எங்கள் சனம் நாற்பது வருடமாக இருந்திருக்கிறது. இடம் கொடுக்கும் பழக்கம் இந்தப் பிராந்தியத்தில் எப்போதும் இருக்கிறது, அதை உரிமையாக எழுதிவைக்கும் பழக்கம்தான் இல்லை.

இந்தியாவில் 2025 செப்டம்பரில் வந்த உத்தரவை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 2015 ஜனவரி 9ஆம் திகதி வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம், ஆயிரக்கணக்கானோருக்கு மூச்சு வந்தது. ஆனால் அது நிர்வாக உத்தரவு. உத்தரவைக் கொடுத்த கை எடுக்கவும் செய்யலாம். சட்டம் என்றால் பாராளுமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் விவாதித்துத்தான் எடுக்க வேண்டும்.

யாரிடம் போவது

மட்டக்களப்பு மாவட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 5 பேர். அம்பாறை என்ற திகாமடுல்லைக்கு 7 பேர். இந்த 12 பேரும்தான் உங்கள் முதல் வட்டம். இவர்களில் உங்களுக்குப் பிடித்த கட்சிக்காரரிடம் மட்டும் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. அகதி வாழ்க்கை இங்கே ஒரு சனத்துக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. தமிழ்ச் சனம் ஓடியது, காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் சனத்துக்கு 1990 ஆகஸ்ட் மறக்காது, அம்பாறையின் எல்லைக் கிராமங்களில் சிங்களச் சனமும் இரவில் காட்டுக்குள் படுத்திருக்கிறது. மூன்று சமூகத்தவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை எந்த உறுப்பினரும் "அவங்கட பிரச்சினை" என்று ஒதுக்க முடியாது.

மாகாண சபையை நம்பி நேரத்தை விடாதீர்கள். கிழக்கு மாகாண சபை 2017க்குப் பிறகு கூடவே இல்லை. கூடினாலும் குடிவரவும் குடியுரிமையும் மத்திய அரசுக்கு ஒதுக்கிய நிரலில் உள்ள விடயங்கள். பிரதேச செயலகத்தாலும் கிராம உத்தியோகத்தராலும் பத்திரங்களுக்கு உதவ முடியும், சட்டத்துக்கு முடியாது. அக்கரையிலும் இதே கதைதான். குடியுரிமை இந்தியாவில் ஒன்றிய அரசின் அதிகாரம். சென்னைச் சட்டமன்றம் தீர்மானம் போடலாம், 2021 செப்டம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகப் போட்டது. ஆனால் திருத்த வேண்டியது டில்லி.

ஒரு குடும்பம், ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

நாங்கள் முதல் தடவை கொண்டுபோன மனு பதினொரு பக்கம். 1983இல் தொடங்கி எல்லாம் எழுதியிருந்தோம். காலையிலேயே போய், ஓர் உறுப்பினரின் அலுவலக வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். செயலாளர் வாங்கிப் புரட்டிவிட்டு, "சரி தம்பி, எந்தச் சட்டத்தில எந்தப் பிரிவை மாத்தச் சொல்றீங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. துக்கம் முழுவதையும் எழுதியிருந்தோம், கோரிக்கையை எழுதவில்லை. அந்தப் பதினொரு பக்கமும் பிறகு என்ன ஆனது என்று தெரியவில்லை. அதில் சிலருடைய அடையாள அட்டை இலக்கங்களும் இருந்தன. இன்றுவரை அது என் மனதை உறுத்துகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதலில் ஒரு குடும்பத்தின் கதையை அவர்கள் வீட்டில் இருந்து கேளுங்கள். அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள், வந்தால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். என்ன பத்திரம் இருக்கிறது, எது இல்லை, எந்தக் கந்தோரில் எந்த வருடம் என்ன சொன்னார்கள் என்பதைத் திகதி வரிசையில் எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேளுங்கள். வெளியே போகும் பிரதியில் பெயர், கிராமம், இலக்கம் எதுவும் இருக்கக் கூடாது. "வாகரைப் பிரதேசத்தில் ஒரு தாய்" என்றால் போதும். கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதும் தாளைக்கூட மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள். இங்கிருந்து ஒருவர் அக்கரைக்கு ஏன் போனார் என்பது சிலருக்கு இன்றும் ஆபத்தான செய்தி.

பிறகு அந்தக் கதையை அரைப் பக்கமாக்குங்கள். கீழே மீதி அரைப் பக்கத்தில் ஒரே ஒரு கோரிக்கை. "அகதிகளைக் காப்பாற்றுங்கள்" என்பது கோரிக்கை ஆகாது. "போர்க்காலத்தில் வெளிநாட்டில் அகதியாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு, குடியுரிமைச் சட்டம் விதிக்கும் ஒரு வருடப் பதிவுக் காலத்திலிருந்து விலக்குக் கொடுக்கும் திருத்தம்" என்பது கோரிக்கை. "தஞ்சம் கோரி வருபவரை, அவரது கோரிக்கை விசாரித்து முடியும்வரை திருப்பி அனுப்பக் கூடாது என்ற ஒரு புதிய பிரிவை 1948ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் சேர்த்தல்" என்பதும் கோரிக்கை. ஒரு தடவைக்கு ஒன்று.

சிறிய திருத்தத்தால் என்ன நடந்துவிடும் என்று சலிக்காதீர்கள். மலையகத் தமிழரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் வசித்து வருபவர்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை என்றது. நல்ல சட்டம்தான், ஆனால் "இலங்கையில் வசித்து" என்ற சொற்கள், போருக்குப் பயந்து இந்தியா போய் முகாமில் இருந்த மலையகத்தவரை வெளியே தள்ளிவிட்டன. அந்த ஓட்டையை அடைக்க 2009இல் ஒரு திருத்தம் வந்தது. உங்கள் எம்.பி. "இதுக்கு முன்மாதிரி இருக்கா?" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். எங்கள் பாராளுமன்றமே ஏற்கனவே செய்த வேலை இது.

நேரில் போகும்போது

பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் கூடும். ஆகவே அந்த வாரங்களில் உறுப்பினர் கொழும்பில் இருப்பார். அமர்வு இல்லாத வாரத்தில் ஊரில் பிடிக்கலாம், ஆனால் அப்போதுதான் வேலை வாய்ப்புக்கும் இடமாற்றத்துக்கும் வருபவர்கள் வரிசையில் நிற்பார்கள். முதல் நாளே செயலாளரிடம் சொல்லி நேரம் கேளுங்கள். மூன்று பேர் போதும். அதில் ஒருவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவராக இருக்கட்டும், அவரை முதலில் பேச விடுங்கள். "வணக்கம் ஐயா" என்று தொடங்கி நீங்களே இருபது நிமிடம் பேசிவிட்டால் அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிடுவார்.

ஒரு பக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கொண்டுபோங்கள். உங்கள் எம்.பி.க்குத் தமிழ் போதும். ஆனால் அவர் அதை அமைச்சரிடமோ குழுவில் பக்கத்து ஆசனக்காரரிடமோ கொடுக்க வேண்டி வரும்போது சிங்களப் பிரதி கையில் இல்லாவிட்டால் தாள் அவருடைய கோப்புக்குள்ளேயே தங்கிவிடும். மொழிபெயர்ப்பை அந்த வாழ்க்கை தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

சபைக்குள் என்ன செய்யச் சொல்வது

"இதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசுங்கள்" என்று கேட்டால் பேசுவார். வரவு செலவுத் திட்ட விவாதத்தில் ஏழு நிமிடத்தில் இரண்டு வசனம். அதோடு முடிந்துவிடும். என்ன வழியில் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

லேசானது வாய்மூல விடைக்கான வினா. எத்தனை புகலிடக் கோரிக்கையாளர்கள் தடுத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள், எந்தச் சட்டத்தின் கீழ், எத்தனை பிள்ளைகள், அவர்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று பிரித்துப் பிரித்துக் கேட்கச் சொல்லுங்கள். அமைச்சர் சபையில் கொடுக்கும் பதில், சபையில் பேசியதையெல்லாம் பதிந்து வெளியிடும் ஹன்சாட்டில் ஏறிவிடும். அதற்குப் பிறகு அந்த எண்ணை யாரும் மறுக்க முடியாது. சபையை ஒத்திவைக்கும் நேரத்தில் ஒரு விடயத்தை விவாதிக்கக் கேட்கும் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை கொண்டுவந்தால் கொஞ்சம் விரிவாக விவாதிக்கலாம். தனிக் குடும்பத்தின் முறைப்பாடு என்றால் பொது மனு. அதை நேரே தபாலில் போட முடியாது, ஓர் உறுப்பினர் ஊடாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும். பொது மனுக்கள் பற்றிய குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும்.

கடைசியும் பெரியதும் தனியார் உறுப்பினர் சட்டமூலம். அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் தானே கொண்டுவரும் சட்டம். வர்த்தமானியில் வெளியாக வேண்டும், சட்டமா அதிபரின் அபிப்பிராயம் வேண்டும், உரிய அமைச்சரின் அறிக்கை வேண்டும். வருடக்கணக்கில் இழுக்கும், பெரும்பாலும் சட்டமாகாது. இருந்தும் நான் இதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். தென்கொரியாவில் ஹ்வாங் ஊ-யே என்ற உறுப்பினர் 2009இல் ஓர் அகதிகள் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். 2011 டிசம்பரில் நிறைவேறியது, 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஓர் உறுப்பினர் தொடங்கிய வேலை நான்கு வருடத்தில் நாட்டின் சட்டமானது. இந்தியாவில் சசி தரூர் 2015இல் லோக்சபாவில் ஒரு புகலிடச் சட்டமூலம் வைத்தார், 2022இல் மறுபடியும் வைத்தார். சட்டமாகவில்லை. ஆனால் எழுதிய பிரிவுகள் கண்முன்னே இருக்கின்றன, எங்கள் உறுப்பினர் வெற்றுத் தாளிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

வரைவுக்கு இன்னும் பழைய ஒரு துணையும் உண்டு. இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பி. என். பகவதி முன்னின்று எழுதிய தெற்காசிய மாதிரி அகதிச் சட்டத்தை 1997இல் டாக்காவில் கூடிய பெரியோர் குழு ஏற்றுக்கொண்டது. இந்தப் பிராந்தியத்து ஆட்கள், இந்தப் பிராந்தியத்து நிலவரத்துக்காக எழுதியது. மேற்கு நாட்டுச் சட்டத்தைத் திணிக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், இதையும், அகதிகளை நடத்துவது பற்றிய 1966ஆம் ஆண்டின் பாங்கொக் கோட்பாடுகளையும் மேசையில் வையுங்கள். அந்தக் கோட்பாடுகளை ஆக்கிய ஆசிய-ஆபிரிக்க சட்ட ஆலோசனை அமைப்பை 1956இல் தொடங்கிய ஏழு நாடுகளில் இலங்கையும் ஒன்று.

கடலுக்கு அந்தப் பக்கம்

சரி, இங்கே ஓர் உறுப்பினர் இணங்கிவிட்டார். அவரை அயல்நாட்டு உறுப்பினர்களோடு எப்படி இணைப்பது?

சார்க் வழியாக என்று முதலில் தோன்றும். அதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசக் கூடாது என்று அதன் பட்டயமே சொல்கிறது, உச்சி மாநாடும் 2014க்குப் பிறகு நடக்கவில்லை. பாராளுமன்றங்களுக்கு இடையே உள்ள பழைய பாதைகள்தான் உதவும். ஜெனீவாவில் உள்ள அனைத்துப் பாராளுமன்ற ஒன்றியம் 1889இலிருந்து இயங்குகிறது, இலங்கையும் இந்தியாவும் உறுப்பு நாடுகள். ஐ.நா. அகதிகள் அமைப்போடு சேர்ந்து சட்டவாக்க உறுப்பினர்களுக்கென்றே ஒரு கைநூலை 2001இல் வெளியிட்டு 2017இல் புதுப்பித்தது. அதை இறக்கி அச்சிட்டு உங்கள் எம்.பி.யிடம் கொடுங்கள். இன்னொன்று பொதுநலவாயப் பாராளுமன்றச் சங்கம். இதில் நாட்டுப் பாராளுமன்றங்களோடு மாநிலச் சட்டமன்றங்களும் கிளைகளாக இருக்கின்றன. அதாவது ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் இருக்கும் எங்கள் பாராளுமன்றமும் சென்னைச் சட்டமன்றமும் ஒரே சங்கத்தில் உறுப்பினர்கள். எங்கள் சனம் அதிகம் வாழ்ந்த இரண்டு இடங்களின் உறுப்பினர்கள் ஒரே மண்டபத்தில் சந்திக்க ஏற்கனவே ஒரு கதவு இருக்கிறது, யாராவது தட்ட வேண்டும். கிழக்கே தென்கிழக்காசியாவைப் பார்த்தால், 2013இல் தொடங்கிய மனித உரிமைகளுக்கான ஆசியான் பாராளுமன்ற உறுப்பினர்கள் என்ற அமைப்பு ரோஹிங்கியா விடயத்தில் தொடர்ந்து குரல் கொடுக்கிறது. இலங்கை ஆசியானில் இல்லாவிட்டாலும் அவர்களுக்கு எழுதத் தடையில்லை.

மாநாட்டுத் தீர்மானங்களை விட நான் நம்புவது சோடிக் கேள்வியை. எங்கள் பாராளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், "தமிழ்நாட்டில் பிறந்த இலங்கையர் பிள்ளைகளில் எத்தனை பேருடைய பிறப்பு இன்னும் பதியப்படவில்லை?" என்று கேட்கட்டும். அதே மாதம் டில்லியில் ராமநாதபுரத்தையோ திருச்சியையோ பிரதிநிதித்துவப்படுத்தும் ஒருவர், "நாடு திரும்ப விரும்பும் முகாம் குடும்பங்களுக்கு வெளியேறும் அனுமதி எவ்வளவு காலத்தில் கிடைக்கிறது?" என்று கேட்கட்டும். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த அரசாங்கம் எந்த இடத்தில் மற்றதைக் காட்டித் தப்புகிறது என்று தெரியும். இதற்கு விமானச் செலவில்லை. இரண்டு கடிதம், கொஞ்சம் தொலைபேசி. அக்கரையில் முகாம் சனத்தோடு வேலை செய்பவர்களோடு நீங்கள் முதலில் பழக வேண்டும், அவர்களுக்கு அங்குள்ள உறுப்பினரின் வாசல் தெரியும்.

கேட்ட பிறகு

உங்கள் கேள்வி சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதா என்று பாருங்கள். பதில் வந்ததும் ஹன்சாட் பக்கத்தை எடுத்து, கதை கொடுத்த குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். வாகரை வீட்டில் நான் வாசித்தபோது அந்த அம்மா, "வாகரைப் பிரதேசத்தில் ஒரு தாய்" என்ற இடத்தை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.

பதில் மழுப்பலாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். அமைச்சின் தகவல் அலுவலருக்கு எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. காரணம் சொல்லத் தேவையில்லை. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும், ஆகவே பிரஜாவுரிமைப் பத்திரம் இன்னும் கிடைக்காத குடும்பத்துக்காக நீங்கள் உங்கள் பெயரில் போடுங்கள்.

ஒவ்வொரு தாளிலும் இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள், ஒன்று கடலோரப் பக்கமான எழுவான்கரையில், ஒன்று மேட்டு நிலத்தில். சுனாமியில் ஒரு தடவை எல்லாம் போனது. நவம்பர் மழை தொடங்க முன் மூலப் பத்திரங்களைப் படம் பிடித்துவிட்டு, குடும்பங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.